ஏழடி வார்ட்ரோபும் ஏழடி இல்லாத சுவரும்

என் வார்ட்ரோபை எல்லாரும் ஏழடி என்றுதான் சொல்வார்கள். டேப் வைத்துப் பார்த்தால் அகலம் 2,100 மிமீ, உயரமும் 2,100, ஆழம் 600. மூன்று பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒன்றோடொன்று முடுக்கியது: 900, 750, 450. பெட்டிகள் 18 மிமீ பார்ட்டிகிள் போர்டு, ஷட்டர்கள், அதாவது கதவுகள், எம்டிஎஃப் பலகைமேல் லாமினேட். 2017-இல் நங்கநல்லூர் வாடகை வீட்டில் நான் போட்டது. பெரும்பாக்கத்தில் சொந்த ஃபிளாட் கிடைத்தபோது இதைக் கழற்றி எடுத்துப்போவது என்று முடிவு செய்தேன். புதிதாகப் போட இரண்டு இடத்தில் விலை கேட்டேன். குறைந்த விலையே சதுர அடிக்கு 1,650 ரூபாய். 49 சதுர அடிக்கு எண்பதாயிரத்தைத் தாண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் குனியாமல் எடுக்கிற உயரத்தில் டிராயரும் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் கம்பியும் வைத்து, யோசித்துச் செய்த பெட்டிகள் இவை. அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடவும் மனம் வரவில்லை.

வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களிடமே ஒரு காண்ட்ராக்டர் இருந்தார். கழற்றி, வண்டியில் ஏற்றி, புது வீட்டில் மாட்டித் தர மொத்தமாக 26,000, பாதி அட்வான்ஸ். ஒரே ஆள் பொறுப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி 13,000 கொடுத்தேன். கழற்றுவதற்கு எவ்வளவு, ஏற்றி இறக்க எவ்வளவு, மாட்ட எவ்வளவு என்று பிரித்துக் கேட்கவில்லை. கழற்றுகிற ஆட்களேதான் மாட்டவும் வருவார்களா என்றும் கேட்கவில்லை. பின்னால் வந்த தொல்லையில் பாதி இந்த இரண்டு கேள்விகளைக் கேட்காததால் வந்தது.

கழற்ற வந்த இரண்டு பையன்களும் நல்ல வேகக்காரர்கள். மூன்று மணி நேரத்தில் சுவர் காலி. ஆனால் பலகைகளில் ஒரு எண்கூட எழுதவில்லை. பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் மினிஃபிக்ஸ் பூட்டு, அதன் போல்ட், கீல் ஸ்க்ரூ, தட்டு தாங்கும் பின் என்று எல்லாமே ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போயின. "எந்தப் பலகை எங்கேன்னு எழுதலையா தம்பி?" என்றேன். "பார்த்தாலே தெரியும்க்கா" என்றான் ஒருவன். அவனுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் புது வீட்டுக்கு வந்தது அவன் இல்லை.

வந்த இரண்டு பேரும் அந்த வார்ட்ரோபை நின்ற நிலையில் பார்த்ததே இல்லை. பக்கப் பலகைகளில் இடது, வலது உண்டு. கீல் தட்டுக்கான துளைகளை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். அவர்கள் 900 பெட்டியின் இடதுபக்கத்தை 750-இன் வலதுபக்கமாக நிறுத்திப் பார்த்து, பொருந்தாமல், திரும்பப் பிரித்தார்கள். பார்ட்டிகிள் போர்டில் ஒவ்வொரு முறை ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டும்போதும் துளை கொஞ்சம் உதிரும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைக்கு மரத்தைப் போல நார் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெட்டிகள் ஒருவழியாக நின்றபின்தான் பெரிய விஷயம் தெரிந்தது. பெட்டிகளுக்கு விட்டிருந்த இடம் ஒரு மூலை: இடப்பக்கம் ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) தூண், வலப்பக்கம் வெளிச்சுவர், பின்னால் பாத்ரூம் சுவர். பில்டர் கொடுத்த வரைபடத்தில் அந்த இடம் ஏழடி, அதாவது 2,134 மிமீ. வரைபடத்து அளவு பூச்சுக்கு முன்னது. இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு, அதன்மேல் புட்டி, தூணை நேராக்க இன்னும் கொஞ்சம் பூச்சு. காண்ட்ராக்டர் அளவெடுக்க வந்தபோது இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு தடவை டேப்பை நீட்டி, "ஏழடி இருக்கு மேடம், தாராளமா போகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது பெட்டி உள்ளே நுழையவில்லை.

பையன்கள் கட்டிங் மெஷினை எடுத்தார்கள். ஓரத்தில் ஒரு அங்குலம் இழைத்துவிடுகிறோம் என்றார்கள். நிறுத்தச் சொன்னேன். மார்பிள் வெட்டுகிற அந்தக் கைமெஷினில் லாமினேட் பலகையை வெட்டினால் ஓரம் முழுக்கப் பல் பல்லாகப் பெயரும். அதோடு எந்த இடத்தில் வெட்டினால் எந்தத் துளை போகும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. நான் காண்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தபோதே இன்னொருவர் பெரிய பெட்டியைப் பின்சுவரோடு பிடிக்க ஹாமர் டிரில்லை வைத்து ஒரு துளை போட்டுவிட்டார். ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லால் கட்டிய சுவர். ஹாமர் அடித்ததும் துளை அகன்று பொலபொலவென்று கொட்டியது, ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போய்க் கீழே விழுந்த தூளைத் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரிப் பறக்க வேண்டிய தூள், விரலில் ஈரமாக ஒட்டியது.

அந்த ஈரம்தான் என்னைக் காப்பாற்றியது. அன்றைக்கு வேலையை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

காண்ட்ராக்டர் ஃபோனில் சொன்னது: அளவு குறைப்பது வேறு வேலை, அதற்குத் தனியாக 9,000. சுவர் ஈரம் பில்டர் பிரச்சினை, வார்ட்ரோப் வந்துவிட்டால் வெளியே தெரியாது. கிரஹப்பிரவேசத்துக்குள் முடிக்கணும் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். நான் தயங்கியதும், "சார் வந்ததும் பேசிக்கலாம் மேடம்" என்றார். இந்தப் பேச்சை வீடு கட்டுகிற, வாங்குகிற பெண்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அளவு தெரிந்தவள் நான், பணம் கொடுப்பவள் நான், என்னோடுதான் பேச வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வார்ட்ரோப்புக்குப் பின்னால் ஓதம் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பும், துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். தெரிந்தே அதை மூடி வைக்கச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு வேலை கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

கணக்கு முடிப்பது சுலபமாக இல்லை. மொத்த விலை என்பதால் முடிந்த வேலைக்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் ஆதாரம் கிடையாது. அவர் 20,000 கேட்டார். வண்டிக்கு இவ்வளவு, சுமைக்கூலி இவ்வளவு, கழற்ற இரண்டு ஆள் அரை நாள் என்று தாளில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் இழுபறிக்குப்பின் 15,000-க்கு ஒத்துக்கொண்டார். மீதி 2,000 கொடுத்து, "கணக்கு முடிந்தது" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தப் பையன்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. யாரோ கழற்றியதை யாரோ மாட்டச் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அடுத்து ஓதம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, பின்சுவரில் மூன்று இடத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இடது கீழ்மூலைத் தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. அந்த மூலைக்கு நேர் பின்னால்தான் ஷவர். படம் எடுத்து, பில்டருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து நாம் தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதினேன். ஒன்பதாம் நாள் ஆள் வந்தது. ஷவர் மூலையில் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு சுவரில் மேலேறவே இல்லை. இரண்டு வரிசை டைலைப் பெயர்த்து, பூசி, டைல் போட்டு, தண்ணீர் கட்டிச் சோதித்தார்கள். அப்புறம் மூன்று வாரம் ஃபேன் போட்டு உலரவிட்டேன். மறுபடி பாலித்தீன் ஒட்டினேன். இந்தமுறை தாள் காய்ந்தே இருந்தது.

இதற்குள் ஆவணியில் பால் காய்ச்சி முடித்துவிட்டோம். துணியெல்லாம் அட்டைப்பெட்டியில். அம்மா தினமும் ஒரு பெட்டியைப் பிரித்துப் புடவை தேடிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற பதைப்பு எனக்கு.

எங்கள் பிளாக்கிலேயே நாலு வீட்டுக்குக் கப்போர்டு செய்த ஒரு கார்பெண்டரைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஃபோனில் ரேட் கேட்டேன். "பார்க்காம என்னம்மா சொல்றது? நாளைக்குக் காலையில வரேன்" என்றார். வந்தவர் முதலில் டேப்பை எடுக்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, துளைகளைப் பார்த்து, பென்சிலால் எண் போட ஆரம்பித்தார். எல்லாம் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நடந்தது. அதற்குப் பிறகுதான் சுவருக்கு வந்தார். தரையோரம் சுவரில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு மேலே 2,082, நடுவில் 2,076, மேலே 2,070. ரசமட்டத்தை வைத்துத் தூண்பக்கம் நேராக இருக்கிறது, வெளிச்சுவர்தான் சாய்ந்திருக்கிறது என்று காட்டினார்.

"அப்போ 30 மிமீ குறைக்கணுமா அண்ணா?" என்றேன்.

"இல்லம்மா. 45 குறைக்கணும்."

அவர் விளக்கியதை நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருந்தது. மினிஃபிக்ஸ் பூட்டு உட்காரும் வட்டத்துளை 15 மிமீ. எங்கள் பலகையில் அதன் மையம் ஓரத்திலிருந்து 34-இல். ஆக அந்தத் துளை 26.5-இல் தொடங்கி 41.5-இல் முடிகிறது. 30 மிமீ மட்டும் வெட்டினால் பாதித் துளை ஓரத்தில் பிளந்து நிற்கும். அங்கே புது பூட்டும் வைக்க முடியாது, பலகையும் உதிரும். 45 வெட்டினால் பழைய துளை மொத்தமாகப் போய்விடும். சுத்தமான புது ஓரத்திலிருந்து மறுபடி 34 அளந்து துளை போடலாம். ஷட்டரிலும் அதே நியாயம். கீல் உட்காரும் கிண்ணத் துளை 35 மிமீ, ஓரத்திலிருந்து 5 தள்ளித் தொடங்கி 40-இல் முடிகிறது. கைப்பிடிப் பக்கத்தைத் தொடாமல் கீல் பக்கத்தில் வெட்டினால் பழைய கிண்ணத் துளை, ஸ்க்ரூ துளை எல்லாம் வெட்டுத்துண்டோடு போகும். ஆனால் ஷட்டரை 45 அல்ல, 47 வெட்ட வேண்டும் என்றார். புது ஓரத்தை மூட 2 மிமீ எட்ஜ் பேண்டிங் பட்டை ஒட்டப்போகிறோமே, அதற்காக.

எந்தப் பெட்டியை வெட்டுவது என்பதிலும் அவர் யோசனை தெளிவு. 750-இல் டிராயர்கள் இருக்கின்றன. அதைத் தொட்டால் ஒவ்வொரு டிராயருக்கும் முகப்பு, முன் பின் பலகை, அடிப்பலகை எல்லாம் குறைத்து, டிராயர் ஓடும் சேனல் இரண்டு பக்கமும் கேட்கிற பதின்மூன்று மிமீ இடைவெளி கெடாமல் சேர்க்க வேண்டும். 900-இல் இரண்டு ஷட்டர். 450-இல் ஒரே ஷட்டர், வெறும் தட்டுகள். மேல், கீழ், நடுத்தட்டு, மூன்று கழலும் தட்டு, முதுகுப்பலகை, ஷட்டர் என்று எட்டே துண்டு. 450 இனி 405. மொத்தம் 2,055. மேலே 15, கீழே 27 இடைவெளி மிஞ்சும், அதைச் சரிவாக வெட்டிய ஒரு பட்டையால் மூடலாம்.

அவர் சொன்ன கூலி 16,500. இந்தமுறை ஒரு பக்கத் தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். எந்தப் பலகையில் எவ்வளவு வெட்டுவது, எந்தச் சுவரில் துளை போடலாம், எதில் கூடாது, வெட்டும்போது பலகை உடைந்தால் யார் செலவு, குறைந்த ஹார்டுவேர் யார் வாங்குவது, முதல் நாள் வந்த அதே ஆட்கள்தான் கடைசிவரை, பணம் எப்போது எவ்வளவு. வெட்டிய துண்டுகளைப் பசையில்லாமல் நிறுத்திக் காட்டியதும் 5,000. எல்லாம் முடிந்ததும் 9,500. ஒரு மாதம் புழங்கிப் பார்த்தபின் 2,000. கடைசித் தொகையைச் சொல்லத் தயங்கினேன், அவரை நம்பவில்லை என்று நினைப்பாரோ என்று. "கீல் எப்படியும் ஒரு மாசத்துல இறங்கும்மா, நான் வந்துதான் ஆகணும்" என்று கையெழுத்துப் போட்டார். எழுதி வாங்குவது சந்தேகப்படுவது ஆகாது. தெரிந்து வேலை செய்கிறவருக்கு அது பாதுகாப்பும்கூட. பாதியில் நான் "அந்த லாஃப்ட்டையும் மாட்டிடுங்க" என்று கூடுதலாகக் கேட்டபோது அவர் அந்தத் தாளைத்தான் காட்டினார். வார்ட்ரோபுக்கு மேலே வரும் லாஃப்ட் பெட்டி பின்சுவரில் தொங்க வேண்டியது, பின்சுவர் அந்தப் பாரம் தாங்காது, ஆகவே வேண்டாம் என்று மறுத்தார். அது இப்போது பால்கனிப் பக்கம் பெஞ்சாக இருக்கிறது.

வெட்டை வீட்டில் செய்யவில்லை. எட்டுத் துண்டையும் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கரணைப் பக்கம் பேனல் சா என்ற பலகை அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த மெஷினில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு சின்ன பிளேடு லாமினேட்டை மெல்லக் கீறிக்கொண்டே போகும். அதனால் ஓரம் பெயராது. எட்ஜ் பேண்டிங்கும் அங்கேயே. வெட்டி விழுந்த 45 மிமீ துண்டுகளைப் பட்டறைக்காரர் ஓரமாகத் தள்ளினார், கார்பெண்டர் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டையே அச்சாக வைத்து, மூலைமட்டம் பிடித்து, பழைய துளைகளின் இடத்தைப் புது ஓரத்துக்கு மாற்றினார். 18 மிமீ பலகையில் பூட்டுத்துளை 13 மிமீ ஆழம்தான் போக வேண்டும். ஐந்து மிமீதான் மிச்சம், கை தவறினால் மறுபக்கம் பொத்துக்கொள்ளும். பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றி, ஒரு வீண் பலகையில் நாலு துளை போட்டுப் பார்த்தபிறகே எங்கள் பலகையில் கை வைத்தார்.

அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொட்டி எண்ணினால் ஏழு பூட்டு, ஐந்து போல்ட் காணவில்லை. கடைக்கு நான் போனேன். கொடுத்தது 24 மிமீ போல்ட். எங்களுக்கு வேண்டியது 34. மாற்ற மறுபடி ஒரு நடை. பழைய போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கீல் தட்டுகளில் உதிர்ந்துபோன துளைகளுக்குச் சிலவற்றில் மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ஒரு இரவு காயவிட்டு மறுபடி துளைத்தார். மற்றவற்றில் 6.3 மிமீ தடிமன் யூரோ ஸ்க்ரூ போட்டார். மெல்லிய ஸ்க்ரூ பிடிக்காத இடத்தில் அது பார்ட்டிகிள் போர்டை நன்றாகக் கவ்வுகிறது.

சுவரில் பிடிப்பதில் எனக்கு ஒரே நிபந்தனை: பின்சுவரில் துளையே கூடாது. அது நாலங்குல பிளாக். நீளமான பிளக் அடித்தால் பாத்ரூம் டைலுக்குப் பின்னால் போய் நிற்கும், பில்டர் புதிதாகப் பூசிய பூச்சையும் கிழிக்கும். கார்பெண்டருக்கும் அதே எண்ணம். பெட்டிகளைப் பின்சுவரிலிருந்து 20 மிமீ தள்ளி, காற்றுப் போக இடம் விட்டு நிறுத்தினார். தூணில் ஹாமர் வைத்து இரண்டு பிடிப்பு. வெளிச்சுவர் எட்டங்குல ஏஏசி பிளாக், அங்கே ஹாமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்து, 100 மிமீ நீள நைலான் ஃபிரேம் பிளக் இரண்டு. மூன்று பெட்டியும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுகியதால் முழுதும் ஒரே உடம்பாக நின்றது. கால்களைத் திருகி ஸ்கர்ட்டிங்குக்கு மேலே வருமாறு உயர்த்தினார். அறையின் தரை வாசலை நோக்கி 6 மிமீ இறங்கியிருந்தது, அதையும் கால்களே சரிக்கட்டின.

இரண்டரை நாள் வேலை. முதல் காண்ட்ராக்டருக்குப் போன 15,000, இவருக்கு 16,500, வெட்டு, பேண்டிங், ஆட்டோ, ஹார்டுவேர் எல்லாம் சேர்ந்து 4,200. மொத்தம் 35,700.

கடைசி நாள் மாலை அம்மா முதல் ஆளாகப் போய் டிராயரை இழுத்துப் பார்த்தார். பழைய உயரம் மாறவில்லை. வெட்டிய பெட்டியில் புடவைகளை முன்போல இரண்டு வரிசையாக அடுக்க முடியவில்லை. ஒரு வரிசையும் பக்கத்தில் போர்வைகளும் என்று அவரே மாற்றிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை கார்பெண்டர் வந்தார். 900 பெட்டியின் வலது ஷட்டர் 2 மிமீ இறங்கி, இரண்டு ஷட்டருக்கும் நடுவில் கோடு மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தது. மேல் கீலில் பக்கவாட்டு ஸ்க்ரூவை அரைச் சுற்று, கீழ் கீலில் எதிர்ப்பக்கம் அரைச் சுற்று, உயர ஸ்க்ரூவைத் தளர்த்தி ஷட்டரைத் தூக்கி முடுக்கினார். கோடு நேரானது. பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் டார்ச் அடித்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அந்த 2,000-ஐ வாங்கிக்கொண்டு, எங்கள் தாளில் அவர் பெயருக்குக் கீழே தேதி போட்டுக் கொடுத்தார்.